பிரிகேடியர் திரும்பி வந்துவிட்டார்

திரும்பி வந்துவிட்டார் என்றால் இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார்? சனிக்கிழமை மத்தியானம் புளிசாதம் தின்று கைகழுவும்போது மயிலாவுக்கு இந்தக் கேள்வி வந்தது, வந்தது போகவேயில்லை. கார் ஷோரூம் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்த எழுத்தை உள்ளே நின்று பார்த்தால் இடம் வலமாகத்தான் தெரியும். தினமும் அதையே பார்த்து இப்போது அவளால் அதைத் திருப்பிப்போட்டபடிதான் சரளமாகப் படிக்க முடியும், தெருவில் நின்று நேராகப் பார்த்தால் நாக்குத் தடுக்கும். பிரிகேடியர் திரும்பி வந்துவிட்டார். ரிட்டயர் ஆகிப் போனாரா, கோபித்துக்கொண்டு போனாரா, செத்துப் போனாரா? செத்தவர் திரும்பி வந்தால் ஜனம் என்ன மாலையா போடும்? அலறிக்கொண்டு ஓடும். ஓடத்தான் ஓடுகிறது. அவிநாசி ரோட்டில் மேம்பாலத் தூணுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நிற்காமல் ஓடுகிறது, ஒரு ஆள் திரும்பிப் பார்க்கிறதில்லை. பிரிகேடியரோ சாம்பல் நிறத்தில், நாலு கதவோடு, மேடை மேல் விளக்குக்கு அடியில், டோக்கன் வாங்கிவிட்டு யாரும் கூப்பிடாமல் விட்ட ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வண்டியை 'ர்' போட்டுச் சொல்வதே அவளுக்குக் கடுப்பு. ஆனால் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. கையில் துணி. துடைக்க வேண்டும், விரல்ரேகை படக்கூடாது என்று மேனேஜர் இன்பராஜ் சார் உத்தரவு. யார் ரேகை படப்போகிறது, தொட ஆள் வந்தால்தானே. அவள் ரேகைதான் படும், அதை அவளேதான் துடைப்பாள், துடைக்கும்போது இன்னொன்று படும். ஏசி குளிரில் முழங்கை விறைத்தது. புது சீட்டு வாசனையும் புளிசாத ஏப்பமும் கலந்து வந்தது. மணி என்ன இருக்கும், பார்க்கக்கூடாது, பார்த்தால் ஓடாது.

அப்பா நாலு மணி வாக்கில் வருகிறேன் என்றிருக்கிறார். தனியாக இல்லை, ஆளோடு. இங்கேதான் அவளுக்குச் சிக்கியது. எங்கே ஆரம்பித்து யோசித்தாலும் கடைசியில் இந்த இடத்தில் வந்து, முள்ளில் தாவணி மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது. பந்தயம் போட்டதே அப்பாதானே? பிளஸ்டூவில் கணக்கில் கவிழ்ந்து, இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அவள் சொன்னபோது அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. தட்டில் கைகழுவிவிட்டு, "சரி அம்மிணி, வேலைக்குப் போறங்கற, போ. நிக்கற எடத்துல ஒரே ஒரு வண்டி வித்துக் காட்டு. ஆடி முடியறதுக்குள்ள. வித்துட்டீன்னா அப்பறம் பரீட்சையப் பத்தி நான் வாயத் தொறக்கல. விக்கலீன்னா மறுக்கா எழுதோணும்" என்றார். இது என்ன பிரமாதம் என்று ஒத்துக்கொண்டாள். ஷோரூமில் எத்தனை வண்டி இருக்கிறது, குட்டி வண்டியெல்லாம் கத்தரிக்காய் மாதிரி போகிறது. ஆனால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது பிரிகேடியர் பக்கத்தில். ஆடியும் முடியப் போகிறது. ஆடியில் எவன் வண்டி வாங்குவான், இது அப்பாவுக்குத் தெரிந்துதான் ஆடி என்று சொன்னாரா, தெரியாமலா? தெரிந்துதான் சொல்லியிருப்பார், டிரைவர் மூளை, பத்து வண்டிக்கு முன்னால் பார்க்கிற மூளை. அப்படித் தோற்கடிக்க நினைத்தவர் நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம சின்னவரு புது வண்டி பாக்கறாராமா, நாளைக்கி உன்ற கடைக்குக் கூட்டிட்டு வாரேன்" என்கிறார். ஏன்? என்ன கணக்கு இது? கணக்கு என்றாலே இப்படித்தான். எக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்வார்கள், தேடிக் கண்டுபிடித்தால் அது ஏற்கெனவே மைனஸில் இருக்கும்.

சின்னவர் என்றால் மில்லுக்காரர் மகன் கதிரேசன். அப்பா ரங்கசாமி அவர்கள் வீட்டு டிரைவர், இப்போதும்தான், ஆனால் இப்போது ஓட்டுவது எல்லாரும் ஓட்டுகிற வெள்ளை வண்டி. பெரியவர் காலத்தில் ஓட்டியது கெடா. மயிலா இந்தக் கெடாவைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். முட்ட வருகிற எருமைக்கெடா மாதிரி முன்பக்கம் புடைத்திருக்குமாம், ரெண்டே கதவாம், சாவியைத் திருகினால் ஒருதரம் செருமுமாம், அந்தச் செருமலுக்கே சாய்பாபா காலனியில் நாய்கள் எழுந்து நிற்குமாம். ஊட்டி ரோட்டில் ஒருநாள் பஸ்ஸைத் தாண்டியபோது பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்களாம். அப்பா குடிக்காதவர். ஆனால் கெடாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குடித்த மாதிரி இருப்பார், கை ரெண்டும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். பெரியவர் போன பிறகு அதை யாரோ இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் தெரியும். இது தெரிந்த அவள், பிரிகேடியர் பக்கத்தில் வாரக்கணக்கில் நின்று, "எழுபதுகளின் ஜாம்பவான், மீண்டும் உங்களுக்காக" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து, ஒருநாள் வீட்டில் சாதாரணமாக, "அப்பா, இந்த பிரிகேடியருன்னு ஒரு பழைய வண்டி இருந்துச்சாமே, நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்பா யோசித்தார். "பிரிகேடியரா? அப்பிடி ஒண்ணும் நாம்பாத்ததில்லியே" என்றார். செல்போனில் படத்தைக் காட்டினாள். அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கி வாசலுக்குப் போய்விட்டார். "இது கெடா அம்மிணி! கெடாடா இது!" டா போட்டுவிட்டார், மகளை. பத்து வருஷம் ஓட்டியவருக்கே பேர் தெரியவில்லை. பின்னால் டிக்கியில் என்னமோ இங்கிலீஷில் கொக்கி கொக்கியாக எழுதியிருக்கும், தினமும் துணிபோட்டுத் துடைப்பேன், யாரு படிச்சா, என்றார். அன்று ராத்திரி மயிலாவுக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் கம்பெனி எதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது? யாருமே கூப்பிடாத பேரை. கோயம்புத்தூரில், பொள்ளாச்சியில், திருப்பூரில் அத்தனை பேரும் கெடா கெடா என்று கூப்பிட்டது அதுபாட்டுக்குச் செத்துப்போக, டிக்கியில் இருந்த பேருக்கு மட்டும் உயிர் கொடுத்து, அதைக் கொண்டுவந்து ஒரு சாதாரண நாலு கதவு வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கிறது. மறுநாளே போய் இன்பராஜ் சாரிடம் சொன்னாள், போர்டில் கெடான்னு எழுதுங்க சார், வெளிய ஆட்டோக்காரங்க கூட நிப்பாங்க. அவர் டையைச் சரிபண்ணிக்கொண்டு, "கெடாவா? ஏம்மா மைலா, இது ஷோரூமா, சந்தையா?" என்றார்.

மைலா. அவள் சட்டையில் குத்தியிருக்கிற பேட்ஜிலும் அப்படித்தான் இருக்கிறது, மைலா, ஏதோ மலேசியாவிலிருந்து வந்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் மயிலாத்தாள். வீட்டில் அம்மாவுக்கு 'ஏம்புள்ள', அப்பாவுக்கு 'அம்மிணி'. அவளுடைய பேரை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. கூப்பிடக்கூடாது, அது அத்தை பேர். அப்பாவின் தங்கை மயிலாத்தாள், பாவாடை தாவணியில் ரெட்டை ஜடை போட்டுக்கொண்டு, சுவர்ப் படத்தில் சந்தனமாலைக்குள்ளே சிரிக்கிறவள். மஞ்சள்காமாலையில் போனவள். செத்தவள் பேரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டமுடியாது, அடிக்கமுடியாது, அதனால் அம்மிணி. பிறந்த அன்றைக்கே, மயிலா திரும்பி வந்துட்டா என்று அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாராம். திரும்பி வந்துட்டா. இங்கே அவளுக்கு ஒரு நிமிஷம் கை நின்றது, துணி பானட்டின் மேலேயே கிடந்தது. திரும்பி வந்துட்டா, திரும்பி வந்துவிட்டார். யாராவது அவளைக் கேட்டார்களா, ஏம்மா நீ எங்கிருந்தாவது திரும்பி வந்தாயா, இல்லை இப்போதுதான் முதல்தடவையாக வருகிறாயா என்று? அத்தை கணக்கில் புலியாம். நூற்றுக்கு நூறாம். வாத்தியார் போர்டில் போட்டு முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாளாம். கல்யாணம், காதுகுத்து, எழவு எங்கே போனாலும் ஏதாவது ஒரு பெரியம்மா கன்னத்தைக் கிள்ளி, "பேரக் காப்பாத்தோணும் கண்ணு" என்பாள். எப்படிக் காப்பாற்றுவது, பேரை? அது என்ன கிணற்றிலா விழுந்துவிட்டது? பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை நிமிர்த்தியபோது அவளுக்கு எண்கள் தெரிந்தன, தனித்தனியாகத் தெரிந்தன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், பஸ்ஸ்டாண்டில் நிற்கிற ஆட்கள் மாதிரி. மயிலாத்தாள் என்றால் இந்நேரம் போட்டிருப்பாள் என்று தோன்றியது. மயிலாத்தாள் என்றால் யார், நானா அவளா? நம்பர் எழுதுகிற கட்டத்திற்கு மேலே பேரை எழுதச் சொல்லவில்லை, அது ஒரு நிம்மதி. இப்போது யோசித்தால் இன்னொன்று பயமாக இருக்கிறது, அத்தை போனது பத்தாவது முடித்த லீவில். அப்படியானால் மயிலா இப்போது அத்தையைவிடப் பெரியவள். அந்தப் படத்தில் இருக்கிற பெண் இனி அவளுக்குத் தங்கை மாதிரி. தங்கையைப் போல் ஆகச் சொல்கிறார்கள் அக்காவை. இது எந்த ஊர் நியாயம்? நியாயமா அநியாயமா என்று கூடத் தெரியவில்லை. தலை வலித்தது.

வண்டி பார்க்க வந்தவர்களும் ஒன்றும் மோசமில்லை, அதுதான் குழப்பம். திட்டிவிட்டுப் போனால் புரிந்திருக்கும். ஒருத்தர் மேடையைச் சுற்றி வந்து, "மிலிட்டரிக்காரங்களுக்குத்தான் குடுப்பீங்களா? கேண்டீன்ல வருமா?" என்று கேட்டார். ஒரு காலேஜ் பையன், "பேட்டரி வண்டியாக்கா?" என்றான். இல்லை என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது, ஏதோ அவளே பிடுங்கி வைத்துக்கொண்ட மாதிரி. ஒரு பெரியவர் நல்ல வேட்டியோடு தரையில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார், எதையோ தொலைத்தவர் மாதிரி. பிறகு எழுந்து முன்பக்கத்தைத் தடவினார், தடவிய கையைப் பார்த்தார், "பழசுல இங்க இப்படி இருக்கும்" என்று காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அந்த வளைவு அவருடைய கையிலேயே போய்விட்டது. பழசு தெரிந்தவர்களுக்கு இது பழசு இல்லை. தெரியாதவர்களுக்கு இது பழசு. இவ்வளவுதான் விஷயமா? இவ்வளவுதான் என்றால் கம்பெனியில் பெரிய பெரிய படிப்பு படித்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? அவர்களுக்கும் தோன்றியிருக்கும், எல்லாருக்கும் எல்லாம் தோன்றத்தான் செய்கிறது, யாரோ ஒருத்தர் வீட்டில் மாலை போட்ட படம் இருக்கும், அவர் எதிரில் யாரும் வாயைத் திறக்க முடியாது. எல்லாரும் கடைசியில் சொல்வது ஒரே வார்த்தை, யோசிச்சுட்டு சொல்றேன். கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதே யோசனையை விட்டுவிடுவார்கள். பிரிகேடியர் பாவம். உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் அவள், யாருமில்லாத காலைநேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. நல்ல வண்டிதான். கதவு சாத்தினால் வெளிச்சத்தம் கேட்கவே கேட்காது. சீட்டு முதுகைத் தாங்கும். வேறு ஏதாவது பேர், முல்லை, பவானி, ஏதோ ஒன்று வைத்து விட்டிருந்தால் போய்க்கொண்டிருக்கும் அது பாட்டுக்கு. அதை ஓட்டிப் பார்க்கக்கூட யாரும் கேட்டதில்லை. எல்லாரும் அதற்குள்ளே இன்னொன்றைத்தான் தேடுகிறார்கள்.

அப்பா வந்துவிட்டார். கண்ணாடிக்கு அப்பால், திருப்பிப்போட்ட எழுத்துக்குப் பின்னால், டிரைவர் வெள்ளைச் சட்டையில், சின்னவருக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு. இன்பராஜ் சார் சிரிப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். கதிரேசன் ஐம்பது வயசுக்காரர், காலில் ரப்பர் செருப்பு, பணக்காரர்களால் மட்டும்தான் இப்படி வரமுடியும். "ரங்கண்ணா, இதா உங்க பொண்ணு? ஏங்கண்ணு, என்ன பேரு?" அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அம்மிணிங்க" என்றார். இன்பராஜ் சார், "மைலா சார்" என்றார். பேட்ஜ் குளிர்ந்தது, நெஞ்சுக்கு மேல், தகரம். அவள் ஒப்பிக்க ஆரம்பித்தாள், எழுபதுகளின் ஜாம்பவான், கதிரேசன் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் விடு கண்ணு. எனக்கு ஒண்ணுதான் தெரியோணும். எங்கப்பா சாவற வரைக்கும் அந்த வண்டியவே சொல்லிட்டிருந்தாரு. அதுக்குத்தான் வந்தேன்." மேடையை ஒரு சுற்று சுற்றினார். ஒன்றும் தொடவில்லை. பிறகு திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா? இது நம்ம கெடாதானுங்களா? ஆமான்னு சொன்னீங்கன்னா இப்பவே எழுதிட்டுப் போறேன்."

அப்பா வண்டியைப் பார்க்கவில்லை. இதை அவள் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதுதான் முதலில் நிற்கும். யார் வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றாலும் குனிந்து டயரைப் பார்க்கிறவர், பானட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறவர், இந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே, "கெடாவேதானுங்க" என்றார். "அதே ரத்தமுங்க."

பொய். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, வண்டி விஷயத்தில் வரவே வராது, பெரியவரிடமே உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்க என்று சொன்னவர். இப்போது சொல்கிறார். அவளுக்காகச் சொல்கிறார். சட்டென்று எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது, அடுத்த மூச்சில் ஒன்றுமே புரியவில்லை. தோற்கடிக்க வரவில்லை, ஜெயிக்க வைக்க வந்திருக்கிறார். பரீட்சை வேண்டாம், நூற்றுக்கு நூறு வேண்டாம், போ அம்மிணி என்கிறாரா? அப்படியானால் படத்தில் இருக்கிறவளை விட்டுவிட்டாரா, இல்லை இவளைத்தான் விட்டுவிட்டாரா? சும்மா இரு. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், ஜெயித்தாகிவிட்டது, இன்பராஜ் சார் பேனாவை எடுத்தாகிவிட்டது. ஆனால் அதே ரத்தம் என்ற அந்த வார்த்தை அவள் காதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா அழுதபடி சொன்னது மாதிரி கேட்டது. கதிரேசன் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோவார். தினமும் சாவியைத் திருகுவார். அது செருமாது. என்ன செய்தாலும் செருமாது. அவரும் தினமும் அதை ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும், அதற்கு முன்னால் சோறு தின்று வளர்ந்தவள் அவள்.

"அப்பா பொய் சொல்றாருங்க."

அது அவள் குரல்தான்.

"இது கெடா இல்லீங்க சார். பேரு மட்டுந்தான்."

இன்பராஜ் சார் கண்ணாலேயே அவளைக் கொன்றார். கதிரேசனுக்குக் கோபம் வரவில்லை, அவர் முகத்தில் இருந்து ஏதோ இறங்கியது, பாரம் மாதிரி, ஆசை மாதிரி. "அப்ப இது என்ன வண்டி கண்ணு?" என்றார். நிஜமாகவே கேட்டார். அவளும் நிஜமாகவே யோசித்தாள். "தெரியலீங்க சார். இதுகூடவேதான் நிக்கறேன். இது என்னன்னு யாரும் கேக்கவே இல்லீங்க. கதவச் சாத்துனா சத்தம் கேக்காது, அது மட்டும் தெரியும்." அவர் ரொம்ப நேரம் தலையாட்டினார். பிறகு, "யோசிச்சுட்டு சொல்றேன்" என்றார்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. மேனேஜர் திட்டியது காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, திங்கட்கிழமை வா, பேசிக்கலாம் என்றிருக்கிறார், பேசுவதற்கு என்ன இருக்கிறது. சின்னவர் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார், நீங்க பொண்ணோட வாங்கண்ணா என்று. ஸ்டாண்டில் காலையில் அவள் விட்டுப்போன டிவிஎஸ் ஐம்பது. அப்பா அதன் சீட்டைக் கையால் தட்டித் தூசியைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். அவளே ஆரம்பித்தாள். "சரி, தோத்துட்டேன். எழுதறேன். ஆனா நூறெல்லாம் எதிர்பாக்காதீங்க."

"கெடா எப்பிடி இருக்கும்னு உனக்கு எப்பிடித் தெரியும்? நீ பாத்ததே இல்லியே" என்றார் அப்பா.

"தெரியாது. இது இல்லைன்னு மட்டும் தெரியும்."

அப்பா தட்டுவதை நிறுத்தினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அது மேடேறாது" என்றார்.

"எது?"

"கெடா. ஊட்டி ரோட்டுல பர்லியார் தாண்டுனாப் போதும், கொதிச்சுரும். எறங்கித் தண்ணி ஊத்தோணும். பெரியவரும் நானுந்தான் தள்ளுவோம். பஸ்ஸுக்காரன் கைதட்டுனது அதுக்குத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது பாதியில் நின்றது, ஏனென்றால் அப்பா சிரிக்கவில்லை, இன்னும் ஏதோ சொல்ல வாயை மென்றுகொண்டிருந்தார். "உங்கத்தையும் நூறெல்லாம் வாங்குனதில்ல அம்மிணி. அம்பதத் தாண்டுனதில்ல."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? நானு ஒரு வருசம் பெயிலாயி அவகூட ஒரே கிளாஸ்ல உக்காந்தவன். அவ என்னயப் பாத்து எழுதுவா, நான் அவளப் பாத்து எழுதுவேன். அவ போனதுக்குப் பொறவுதான் மார்க்கு ஏறுச்சு. எழவு வூட்டுல எங்கம்மா எழுபதுன்னுச்சு. கருமாதிக்கு எம்பது. நானும் சேந்து ஏத்துனவன்தான். நூறுக்கு மேல ஏத்த முடியாதுன்னு நின்னுருச்சு."

அவளுக்குக் கோபப்பட வேண்டும் போல இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தாவணிப் பெண் மேல் படமுடியவில்லை, ஐம்பதைத் தாண்டாதவள், அண்ணனைப் பார்த்து எழுதியவள், அவளைப் பார்த்தால் முதல்தடவையாக ஆளைத் தெரிகிற மாதிரி இருந்தது. "அப்ப நான் எழுத வேண்டாமா?" என்று கேட்டாள்.

"எழுதோணும். பந்தயம்னா பந்தயம். நானும் ரெண்டாந்தடவதான் பாஸ் பண்ணுனேன்."

மிதித்தார். கிளம்பவில்லை. இன்னொருதரம் மிதித்தார். வண்டி ஒருமுறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அப்பா முன்னால் நகர்ந்து இடம் விட்டு, திரும்பிப் பார்க்காமல், "ஏறு மயிலா" என்றார். யாரைக் கூப்பிட்டார் என்று அவளுக்குத் தெளிவாகவில்லை. பின்னால் வேறு யாரும் இல்லை. ஏறிக்கொண்டாள்.